மரச்சீனி சாப்பிடலாமா? கீரிப்பாறை தோட்டத் தொழிலாளர்களின் சர்க்கரைக் கணக்கு

கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு விடியலிலேயே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பால் குறையும். அதனால் சீனி போட்ட கட்டன் சாயாவோடு கிளம்பிவிட்டு, வேலை முடிந்த பிறகே மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிடுவது இந்தப் பக்கத்துப் பழக்கம்.

சர்க்கரை நோய் வந்துவிட்டால் கிழங்கை அடியோடு விட வேண்டுமா? வேண்டாம். ஆனால், 100 கிராம் மரச்சீனியில் மாவுச்சத்து சுமார் 38 கிராம். அதே எடை சோற்றில் சுமார் 28 கிராம்தான். எனவே சோற்றுக்குப் பதிலாகத்தான் கிழங்கு, அதுவும் தட்டில் கால் பங்கு. பாதித் தட்டு கீரையும் காய்களும். மீதிக்கு, நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் சாளை மீன் இருக்கிறதே! பொரிக்காமல் குழம்பாக வைத்தால் நல்லது.

கிழங்கைவிடப் பெரிய ஆபத்து, மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு மேடு ஏறுவது. சர்க்கரை திடீரென இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும். கையில் இருப்பதோ வெட்டுக்கத்தி. உடனே உட்கார்ந்து, 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. வேலை தொடங்கும் நேரத்தை டாக்டரிடம் சொன்னால், மருந்து நேரத்தை அவர் அதற்கேற்ப மாற்றித் தருவார். அதுவரை சட்டைப்பையில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும்.