கூலியும் ஆளும்

ஆங்கில பாஷையில் 'கூலி' என்றொரு பதம் உண்டு. அது தமிழிலிருந்து சென்றது என்பாரும், குஜராத்தின் கோலி ஜாதிப் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உளர். எங்ஙனமாயினும் பொருள் வேறு. தமிழில் கூலி என்பது உழைப்புக்கு அளக்கும் நெல் அல்லது பணம். அதைப் பெறுகிறவன் கூலியாள். ஆங்கிலத்திலோ கூலி என்பதே ஆள்.

இதனால் விளைந்த அவமானம் சரித்திரப் பிரசித்தம். 1860-ஆம் வருஷம் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை நேட்டாலுக்கு ஏற்றிச் சென்றது. கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர்க்கு இட்ட பெயர், பின்னர் அங்குள்ள இந்தியர் அனைவருக்கும் ஆயிற்று. வியாபாரி 'கூலி வியாபாரி'. 1893-ல் சென்ற காந்தியடிகளோ 'கூலி பாரிஸ்டர்'. நம் ரயில்வே நிலையங்களில் சுமை தூக்குவோரை இனி 'ஸஹாயக்' என்றழைக்க வேண்டுமென 2016-ஆம் வருஷத்து ரயில்வே பட்ஜெட்டில் அறிவித்தார்கள்.

நிற்க. அந்நியரைக் கண்டித்த நாம் செய்வதென்ன? கோவிலம்பாக்கம், மேடவாக்கம் பக்கங்களில் வீடு கட்டுவோர் பேச்சைக் கேளுங்கள். 'இன்று லேபர் வரவில்லை', 'நாலு லேபர் போதும்' என்பார்கள். ஆங்கிலத்தில் லேபர் என்பது உழைப்பு. தொழிலாளர் வர்க்கம் முழுவதையும் அது குறிப்பதுண்டு. ஒரு மனிதனை 'ஒரு லேபர்' என்று எண்ணும் வழக்கம் அங்கில்லை. அவர்கள் நம் சொல்லைக் கொண்டு ஊதியத்தை ஆளாக்கினார்கள். நாம் அவர்கள் சொல்லைக் கொண்டு உழைப்பை ஆளாக்கியிருக்கிறோம்!

தமிழில் பெயருக்கா பஞ்சம்? கொத்தனார் என்பதில் மரியாதை விகுதியே இருக்கிறது. சித்தாள் என்பதிலும் 'ஆள்' மறையவில்லை. பிஹாரிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் வந்து சாரத்தில் நிற்பவருக்கும் தாய் தந்தையர் இட்ட பெயர் உண்டு.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் நம் மாகாணத்தில், அதாவது இன்றைய தமிழ்நாட்டில், ஏற்பட்டது. அதில் பதிவு பெறப் பெயரும் வயதும் தேவை. 'நாலு லேபர்' என்று எவரும் பதிய முடியாது. பெயரே தெரியாதவர் சாரத்திலிருந்து விழுந்தால், அவர் குடும்பத்தை எவ்வாறு தேடுவது?

ஆகவே வீடு கட்டும் நேயர்களுக்கு ஒன்று சொல்வோம். நாளைக் காலை மேஸ்திரியிடம், 'எத்தனை லேபர்?' என்று கேளாதீர்கள். 'யார் யார் வருகிறார்கள்? வாரியத்தில் பதிந்தாயிற்றா?' என்று கேளுங்கள்.