புரோக்கர் இல்லாமல் வாடகை வீடு பார்க்கப் போகிறோமா? நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

பிள்ளைகளின் படிப்புக்காகவும் வேலைக்காகவும் மருத்துவத்துக்காகவும் கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து சென்னைக்குக் குடிவரும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். முழு ஆண்டுத் தேர்வு முடிந்து ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வீடு பிடித்தாக வேண்டும். கணவர் துபையிலோ ரியாதிலோ இருப்பார். வீடு தேடும் பொறுப்பு பல வேளைகளில் வீட்டுப் பெண்கள் மீதே விழுகிறது.

புரோக்கர் மூலம் போனால் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கொடுப்பது சென்னையில் வழக்கம். அதை மிச்சப்படுத்த இப்போது பலரும் செயலிகளையும் வாசலில் தொங்கும் 'டு-லெட்' பலகைகளையும் பார்த்து நேரடியாக உரிமையாளரிடம் பேசுகிறார்கள். "சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவரும் சொல்லிவிடுகிறார். நம்மை அவசரப்படுத்த ஆள் இல்லாமல் நிதானமாகப் பார்க்க முடிவது இதில் உள்ள நன்மை.

ஆனால் புரோக்கர் இரண்டு வேலைகளைச் செய்துவந்தார். எந்த வீட்டில் எப்படிப்பட்ட குடும்பத்துக்குக் கொடுப்பார்கள் என்பதை முன்பே சொல்லிவிடுவார். வீட்டுக்காரர் யார் என்பதை நேரில் காட்டுவார். அவர் இல்லாதபோது இந்த இரண்டையும் நாமே செய்தாக வேண்டும். வீட்டின் சுவரையும் குழாயையும் பார்ப்பது இதற்கு அடுத்துதான்.

போனிலேயே கேட்டுவிடுவது

வீடு தேடும்போது நம் குடும்பங்களுக்கு ஏற்படும் மனவருத்தம் நாம் அறிந்ததே. வீட்டைப் பார்த்து, பிடித்து, அட்வான்ஸ் வரை பேசிய பிறகு பெயரைக் கேட்டதும் "சொந்தக்காரர் வருகிறார்" என்று கைவிரிப்பவர்கள் உண்டு. வெயிலில் பிள்ளைகளோடு இரண்டு பஸ் மாறிப் போய் இந்தப் பதிலைக் கேட்பதைவிட, முதல் போனிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. "நாங்கள் முஸ்லிம் குடும்பம், வீட்டில் அசைவம் சமைப்போம், இத்தனை பேர் இருப்போம், விருந்தினர் வருவார்கள். உங்களுக்குச் சம்மதமா?" இவ்வளவு போதும்.

இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. மறைத்து எடுத்த வீட்டில் ஒவ்வொரு நாளும் அடுப்படி வாசனைக்குப் பயந்து வாழ முடியாது. மதம் பார்க்காமல் மகிழ்ச்சியோடு வீடு தரும் உரிமையாளர்களும் சென்னையில் நிறைய இருக்கிறார்கள். அவர்களைச் சீக்கிரம் கண்டுபிடிக்க இந்த நேரடிப் பேச்சே உதவுகிறது.

சாவி ஓர் அமானிதம்

ஆளில்லாத வீட்டின் சாவியை நம்பி ஒருவர் நம்மிடம் தருகிறார் என்றால் அது அமானிதம். பார்த்து முடித்ததும் விளக்கு, மின்விசிறி, குழாய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வாங்கியவரிடமே சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டதாக உரிமையாளருக்கு ஒரு செய்தியும் அனுப்பிவிடலாம்.

பெண்கள் தனியாகப் போவதைத் தவிர்ப்பது நல்லது. மஹ்ரமான ஆண் துணை இல்லாவிட்டால் தெரிந்த பெண் ஒருவரையாவது அழைத்துச் செல்லலாம். முகவரியையும் நேரத்தையும் வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டுப் போக வேண்டும். பார்த்து முடியும்வரை வாசல் கதவு திறந்தே இருக்கட்டும். அறிமுகமில்லாத ஆண் மட்டும் உள்ளே இருந்தால் வெளியிலேயே நின்று, துணையோடு வேறொரு நேரத்தில் வருவதாகச் சொல்லிவிடலாம்.

பழைய குடித்தனக்காரர் இன்னும் காலி செய்யாத வீடாக இருந்தால், அனுமதி கேட்டு ஸலாம் சொல்லி நுழையும்படி சூரா அந்நூர் 27வது வசனம் கற்றுத்தரும் ஒழுக்கம் அப்படியே பொருந்தும். அவர்களுடைய அலமாரியைத் திறப்பதும், அவர்கள் பொருட்கள் தெரியும்படி வீடியோ எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவதும் முறையல்ல. மாறாக, அவர்களிடம் பணிவாக ஒரு கேள்வி கேட்கலாம்: "ஏன் காலி செய்கிறீர்கள்?" வீட்டைப் பற்றி அவர்களைவிடத் தெரிந்தவர் இல்லை.

உள்ளே எதைப் பார்ப்பது?

முதலில் தண்ணீர். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து பார்க்க வேண்டும். மெட்ரோ வாட்டரா, போர் தண்ணீரா, கோடையில் லாரித் தண்ணீர் வாங்குவார்களா, அந்தச் செலவு யாருடையது என்று கேட்க வேண்டும். குடிநீரில் கரைந்துள்ள உப்பின் அளவான டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே ஏற்றது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இதை அளக்கும் சிறிய கருவி கடைகளில் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் பார்க்கும் எல்லா வீட்டிலும் பயன்படும்.

குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்க்கலாம். ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் அங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே ஓதம் இருக்கலாம். மேல் மாடி என்றால் கூரையில் நீர்க்கசிவின் கறை தெரிகிறதா என்று பார்ப்பதோடு, பிற்பகல் வெயிலில் ஒருமுறை போய்ப் பார்ப்பதும் நல்லது.

மின்சாரத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நமக்குத் தனி மீட்டரா, சப்-மீட்டரா? தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளரே வசூலித்தால் அந்தச் சலுகை நம் கைக்கு வராமல் போகலாம். எட்டு ரூபாயா, பத்து ரூபாயா என்று முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளுக்கே உரிய சில தேவைகளும் உண்டு. எதிர்வீட்டு ஜன்னல் நேராக நம் படுக்கையறையைப் பார்க்கிறதா, மொட்டை மாடியில் துணி காயப்போட அனுமதி உண்டா, பள்ளிவாசலும் மக்தபும் பிள்ளைகள் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். வெளிநாட்டில் இருப்பவரோடு பேச வேண்டியிருப்பதால், எல்லா அறையிலும் போன் சிக்னல் கிடைக்கிறதா என்பதும் முக்கியம்.

வெளியே யாரிடம் கேட்பது?

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையையும் சென்னை மறக்கவில்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற பகுதிகளில் தரைத்தள வீடு பார்த்தால், "இங்கே எவ்வளவு தண்ணீர் வந்தது?" என்று தெருமுனை மளிகைக்கடைக்காரரிடமும் இஸ்திரி போடுபவரிடமும் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் "வரவே வராது" என்பார். காம்பவுண்டுச் சுவரில் உள்ள நீர்க்கறை வேறு கதை சொல்லும்.

பகலில் பிடித்த வீட்டை மஃரிபுக்குப் பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். தெருவிளக்கு எரிகிறதா, டியூஷன் முடிந்து வரும் பெண்பிள்ளைக்குப் பாதை பாதுகாப்பானதா, அருகில் மதுக்கடை உண்டா என்பதெல்லாம் இரவில்தான் தெரியும்.

பணம் கொடுக்கும் முன்

தனியாக வீடு பார்ப்பவர்களைக் குறிவைத்து ஏமாற்றுபவர்கள் அதிகம். "நான் ராணுவத்தில் இருக்கிறேன், வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது, டோக்கன் தொகை அனுப்பினால் சாவி வரும்" என்பது பல காலமாக நடக்கும் மோசடி. படத்தில் வீடு அழகாகவும் வாடகை குறைவாகவும் இருக்கும். வீட்டைக் காட்டுவதற்கே பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ள வேண்டும். யு.பி.ஐ. பின் எண்ணைப் போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகுமே தவிர, ஒருபோதும் வராது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு நேரத்தைக் கடத்தாமல் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

நேரில் சாவி தந்தவர்தான் உரிமையாளர் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. சொத்துவரி ரசீதையும் மின்கட்டண ரசீதையும் கேட்டு, அதிலுள்ள பெயரை அவருடைய அடையாள அட்டையோடு ஒப்பிடலாம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தையும் பார்க்கலாம். உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னால், அவர் சார்பில் பேசுபவரிடம் பவர் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டு, அட்வான்ஸை உரிமையாளரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்த வேண்டும்.

வாடகைக்குப் பதில் பெரிய தொகை கொடுத்துக் குடியிருக்கும் 'லீஸ்' வீடுகளில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. போகிய பணம் பெரிது. திருப்பித் தரவேண்டிய தொகையைக் கொடுத்து அதற்குப் பகரமாக வாடகையின்றி வசிப்பது வட்டியில் சேருமா என்ற கேள்வியும் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் விவரம் அறிந்த ஆலிம் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நம் கடமை.

எழுதிக்கொள்வது மார்க்கமும் சட்டமும் சொல்வது

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சிகளும் வைத்துக்கொள்ளும்படி சூரா அல்பகரா 282வது வசனம் வழிகாட்டுகிறது. தெரிந்தவர், நம் ஊர்க்காரர் என்பதற்காக வாய்ப்பேச்சோடு விட்டுவிடக் கூடாது.

சட்டமும் இதையே கேட்கிறது. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்பட வேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அந்தச் சட்டம். அதாவது, பழைய வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதிய தாளில் நாம் கையெழுத்திட்டால், நாமே அதற்கு ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். பேரம் பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்புதான். வீட்டைக் காலி செய்தபின், நாம் தரவேண்டிய பாக்கி போக மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

அந்த மீதியில் தகராறு வராமல் இருக்க, சாமான் இறக்கும் முன்பே ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து, உடைந்த ஓடு, விரிசல், கறை எல்லாம் தெரியும்படி உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். பல கைகள் மாறிய சாவி என்பதால், உரிமையாளரின் அனுமதியோடு வாசல் பூட்டை மாற்றிவிடுவதும் அவசியம்.

பெரும்பாலான குடும்பங்களுக்கு அட்வான்ஸ் தொகை என்பது வெளிநாட்டில் ஒருவர் பல மாதம் உழைத்து அனுப்பிய பணம். ஒரு மாதக் கமிஷனை மிச்சப்படுத்தப் போய் அதை இழந்துவிடக் கூடாது. வீடு கை நழுவிப் போய்விடுமோ என்ற பதற்றத்தில் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். நமக்கென்று எழுதப்பட்ட வீடு இன்ஷா அல்லாஹ் நமக்குக் கிடைக்கும்.