பணம் பெருகினாற் படிப்புப் பெருகுமா?

ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் பாராளுமன்றத்திற் சமர்ப்பிக்கப்படும்போது, கல்விக்கு ஒதுக்கிய பணம் போதுமா என்ற வாதம் எழுவது வழக்கம். 2012ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பல்கலைக்கழக ஆசிரியர்கள், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு ஆறு பங்கைக் கல்விக்கு ஒதுக்கவேண்டுமெனக் கேட்டு நீண்ட வேலைநிறுத்தஞ் செய்தனர். அக்காலத்தில் அரசு செலவிட்டு வந்ததோ ஏறக்குறைய இரண்டு பங்கே. கேட்ட பணமெல்லாங் கிடைத்துவிட்டால் நம் பிள்ளைகளின் தேர்ச்சி உயர்ந்துவிடுமா? திருகோணமலையை முன்வைத்தே இதனை ஆராய்வோம்.

பொதுப்பணம் பயன் தந்தமைக்கு நம் வரலாறே சான்று. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வருமுன், உத்தியோகத்துக்கு வாயிலாயிருந்த ஆங்கிலப் பாடசாலைகளிற் கட்டணஞ் செலுத்தியே படிக்கவேண்டியிருந்தது. கல்வி மந்திரி கன்னங்கராவின் திட்டம் அக்கதவைத் திறந்தது. 1980இல் இலவசப் பாடநூல்களும் வந்தன. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறக்குறைய 58 பேர். 1981இல் அத்தொகை 87ஐ எட்டியது. கதவு மூடியிருக்கும் இடத்திற் பணம் திறவுகோலாகும் என்பதில் ஐயமில்லை.

ஆயின், கதவு திறந்தபின் உள்ளே கற்பிப்பது யார்? இங்கேதான் அறிஞரின் கருத்துகள் வேறுபடுகின்றன. 1966இல் அமெரிக்காவில் வெளியான கோல்மன் அறிக்கை, பாடசாலையின் வசதிகளைவிடக் குடும்பச் சூழலே தேர்ச்சியை மிகுதியும் தீர்மானிக்கிறதென்றது. இந்தோனேசியாவில் தகுதிச்சான்று பெற்ற ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் இருமடங்காக்கப்பட்டது. 2018இல் வெளியான ஆய்வின்படி, ஆசிரியரின் மனநிறைவு கூடியது. மாணாக்கரின் தேர்ச்சி கூடவில்லை. இதற்கு எதிராக, 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு வேறொன்றைக் கண்டது. பிள்ளையொன்றுக்கான செலவு பள்ளிப்பருவம் பன்னிரண்டு ஆண்டும் நூற்றுக்குப் பத்து உயர்ந்திருந்தால், வளர்ந்தபின் அவர்களின் ஊதியம் நூற்றுக்கு ஏழளவு உயர்ந்திருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கே நன்மை மிகுதி. அங்கே வகுப்பொன்றிற் பிள்ளைகளின் தொகை குறைந்தது. கற்பிக்கும் நாட்களும் கூடின. ஆகவே, எவ்வளவு பணம் என்பதனோடு, அது எவ்விடத்தில் எவ்வாறு செலவாகிறது என்பதையும் கேட்டல் வேண்டும்.

இதனை மனத்திற்கொண்டு நம் துறைமுகத்தைப் பார்ப்போம். கொட்டியாரக் குடாவின் வடபால் நகரம். விபுலானந்த அடிகள் தொண்டாற்றிய இந்துக் கல்லூரியும், சூசையப்பர் கல்லூரியும், சண்முக வித்தியாலயமும் புகழ் பெற்றது அங்கேதான். தென்பால் மூதூர், சம்பூர்; அதற்கும் அப்பால் ஈச்சிலம்பற்று, வெருகல். கல்விச் செலவின் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளமே. எனவே, ஆசிரியர் நிற்கும் இடத்திலேதான் பொதுப்பணமும் நிற்கிறது. தூரத்துக் கிராமத்துக்கு நியமனம் பெற்ற கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்று நகரம் வந்தால், கிராமத்தின் பங்குப் பணமும் அவரோடு நகரம் வந்துவிடுகிறது. அவரையும் குறைகூறுதல் எளிதன்று. தங்க விடுதியும் போக்குவரவும் இல்லாவிடத்தில் எத்தனை ஆண்டு ஒருவர் நிற்பார்? இழப்பு மட்டும் பிள்ளைக்கே. க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் பாடசாலைகள் சிலவே. அவற்றை அடையமுடியாத பிள்ளை, விருப்பத்தாலன்றி வழியின்மையாலேயே வேறு பாடத்தைக் கற்கிறது.

கல்விக்கென ஒதுக்காத பணமும் கல்வியைக் காக்கவல்லது. 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம், கடல்நீரால் நகரத்தினின்று பிரிந்திருந்த ஊரை இணைத்தது. ஆனால் அவ்வூரின் குறிஞ்சாக்கேணியிற் பாலவேலை முடிவுறாதிருந்தது. ‘பாதை’ என நம்மவர் வழங்கும் மிதவையிலேயே மக்கள் நீரைக் கடந்தனர். 2021 நவம்பர் 23ஆந் திகதி அம்மிதவை கவிழ்ந்து, பள்ளிச் சிறார் உட்படப் பலர் மாண்டனர். காலத்தில் முடியாத பாலத்தின் விலையைப் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் கொடுத்தார்கள்.

ஆதலின், கல்விக்குக் கூடுதற் பணம் வேண்டும் என்பதே நம் கருத்தும். ஆயினும் அது தூரத்துப் பாடசாலைக்கே முதலிற் செல்லவேண்டும். அங்கே தங்கிக் கற்பிக்கும் ஆசிரியருக்கு வீடும் படியும், பிள்ளைக்கு அச்சமற்ற வழியும் ஆகவேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது. அடுத்த முறை கோடிக்கணக்கான ரூபாய் ஒதுக்கப்பட்டதெனப் பத்திரிகையிற் படிக்கும்போது, பெற்றோரே, ஒன்று கேளுங்கள்: வெருகலில் நாளைக் காலை கணித பாடத்துக்கு மணி அடிக்கும்போது, வகுப்பில் ஆசிரியர் நிற்பாரா?