ஞானஸ்நானமும் கிரியையும்: வினைமுதல் பற்றிய ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

1. சிக்கல்

மீட்பு கடவுளின் அருளால் விசுவாசத்தின் வழி கிடைப்பது. மனிதரின் செயல்களால் ஈட்டப்படுவதன்று என்பது எபேசியர் நிருபத்தின் (2:8-9) கருத்து. ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் (2:38) பாவமன்னிப்பையொட்டி ஞானஸ்நானத்தையும் வேண்டுகிறது. அவ்வாறாயின் ஞானஸ்நானமும் மனிதச் செயல்களுள் ஒன்றாகாதா என்னும் வினா எழுகின்றது. இறையியல் தீர்ப்பு வழங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இவ்வினா வினைமுதல் என்னும் இலக்கணக் கருத்தோடு கொண்டுள்ள தொடர்பையும், தமிழாக்கத்தில் அது அடையும் மாற்றத்தையும் மட்டுமே இங்கு ஆராய்வோம்.

2. கிரேக்க மூலம்

2:38-இல் மனந்திரும்புதலைக் குறிக்கும் ஏவல் செய்வினை. ஞானஸ்நானத்தைக் குறிக்கும் 'பாப்டிஸ்தேத்தோ' என்பதோ செயப்பாட்டு வடிவிலமைந்த படர்க்கை ஏவல். முன்னதில் கேட்போர் வினைமுதல். பின்னதில் அவர்கள் வினையை ஏற்போர். 22:16-இல் வரும் 'பாப்டிசாய்' இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. வடமொழியின் ஆத்மனேபதத்தை ஒத்தது. தீத்து நிருபமோ (3:5) நாம் செய்த செயல்களை ஒருபுறமும், மறுபிறப்பின் கழுவுதலை எதிர்ப்புறமும் நிறுத்துகிறது.

சபைகளின் வேறுபாடும் இவ்விடத்திலேயே தோன்றுகிறது. ஞானஸ்நானம் கடவுளின் செயலே என்பது லூத்தர் 1529-இல் வெளியிட்ட பெரிய வினாவிடையின் வாதம். பாப்திஸ்து மரபினர் அதனை விசுவாசியின் கீழ்ப்படிதலாகக் கொள்வர். ஆகவே மீட்புக்குக் காரணமாகக் கொள்ளார். மனிதர் தம் செயலால் மீட்பை ஈட்டலாம் என இருசாராருமே கூறவில்லை. அவர்கள் வேறுபடுவது வினைமுதல் யார் என்பதிலேயே.

3. தமிழ் வடிவங்கள்

தமிழில் '-படு' ஏற்ற வினையை ஏவலாக்குதல் இயல்பன்று. எனவே பழைய மொழிபெயர்ப்பு 2:38-இல் 'பெற்றுக்கொள்' என்பதை ஆள்கிறது. 'பெறு' ஏற்போரைச் சுட்டினும், 'கொள்' என்னும் துணைவினை தற்பயனை உணர்த்தி, மூலத்தின் செயப்பாட்டை இடைநிலை வடிவத்தை நோக்கி நகர்த்துகிறது. பேச்சு வழக்கு இன்னும் ஒருபடி செல்கிறது. வயதுவந்தோர் ஞானஸ்நானம் 'எடுக்கின்றனர்'. குழந்தைக்கோ அது 'கொடுக்கப்படுகிறது'. 'குழந்தை ஞானஸ்நானம் எடுத்தது' என்பது செவிக்கு ஒவ்வாது. 'எடு' என்னும் வினை தன் விருப்பமுடைய வினைமுதலை வேண்டுவதே காரணம்.

இரண்டாவது சிக்கல் சொற்பொருள் பற்றியது. 'எர்கா' என்னும் கிரேக்கச் சொல் பொதுவாகச் செயல்களைக் குறிப்பது. பழைய மொழிபெயர்ப்பு அதனைக் 'கிரியை' என்றது. சைவ சித்தாந்தத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நால்வகை நெறியுள் கிரியை வழிபாட்டுச் சடங்கைச் சார்ந்தது. வழக்கிலும் அச்சொல் சடங்கையே குறிக்கும். அப்பொருளில் நீரால் செய்யும் ஞானஸ்நானம் கிரியையே. எனவே கிரியைகளால் மீட்பில்லை எனக் கேட்கும் தமிழர், மூலம் எழுப்பாத ஒரு முரணை உணரக்கூடும். 'ஞானஸ்நானம்' என்னும் தொடரோ தன் முதற்சொல்லால் சடங்கை ஞானத்தின் பக்கம் சேர்த்துவிடுகிறது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் 'செயல்', 'திருமுழுக்கு' என்னும் சொற்களை ஆள்வதால் இவ்விரு சாய்வுகளும் நீங்குகின்றன. எனினும் முழுக்குபவர் யார் என்பதைத் 'திருமுழுக்கு' என்னும் பெயர்ச்சொல்லும் உணர்த்துவதில்லை.

4. முடிவு

ஞானஸ்நானம் கிரியையா என்னும் வினாவிற்கு இலக்கணம் விடை தராது. ஆயினும் 'பெறு', 'பெற்றுக்கொள்', 'எடு' என்பனவற்றுள் ஒன்றைத் தேரும் மொழிபெயர்ப்பாளர், தாம் அறியாமலே ஒரு விடையின் பக்கம் சாய்ந்துவிடுகிறார். சமயநூல் பெயர்ப்பில் பெயர்ச்சொற்களுக்குத் தரப்படும் கவனம் துணைவினைகளுக்கும் தரப்படுதல் வேண்டும்.