தண்டுவட மரப்பு நோயில் நடைத் தடுமாற்றமும் குடும்பத்தின் துணையும்

மருத்துவமனைகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றும் சுருக்கமாக எம்.எஸ். என்றும் வழங்கப்படும் தண்டுவட மரப்பு நோய், உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் நரம்புகளையே தாக்குவதால் உண்டாகும் நீண்டகால நோயாகும். மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறை அழற்சியால் சிதைந்து, அங்கே தழும்பு விழுகிறது. மேலுறை உரிந்த மின்கம்பியைப் போல, அந்த இடத்தில் செய்தி தாமதமாகிறது, சிதறுகிறது அல்லது நின்றே போகிறது. பிரான்சு மருத்துவர் ழான் மார்ட்டின் சார்க்கோ 1868இல் இதைத் தனி நோயாக விவரித்தார். தமிழ்ப் பெயரைக் கேட்பவர்கள் தண்டுவடம் மட்டும் மரத்துப்போகும் நோய் என்று நினைத்துவிடுகிறார்கள். மூளையும் கண்ணும்கூட இதில் பாதிக்கப்படும். மரப்பு என்பது இங்கே தழும்பேறி இறுகுவதைக் குறிக்கிறது. இந்நோய் தொற்றாது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருகிறது.

ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் இந்தியாவில் இந்நோய் குறைவு. திண்டுக்கல் மாவட்டம் பழனிக்கு மேற்கே உள்ள நெய்க்காரப்பட்டி போன்ற ஒரு பேரூராட்சியில் ஒருவருக்கு இது வந்தால், அதே நோயுள்ள இன்னொருவரை அக்கம்பக்கத்தில் யாரும் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பக்கவாதம் தெரியும், மூட்டுவலி தெரியும். இது எதிலும் சேராது. அதனால் நோயாளியின் நடையைப் பற்றி ஊரார் தவறாகப் பேசுவதும் நடக்கிறது. தள்ளாடும் ஆணைக் குடித்திருக்கிறார் என்கிறார்கள். நேற்று கடைக்குப் போய்வந்த பெண் இன்று எழ முடியாமல் கிடந்தால் நடிக்கிறாள் என்கிறார்கள். குடும்பத்தார் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்: இந்த நோயில் நடை நாளுக்கு நாள், சில நேரம் காலைக்கும் மாலைக்கும் இடையிலேயே மாறும். தர வேண்டிய துணையும் அதற்கேற்ப மாறும்.

நடை ஏன் தடுமாறுகிறது

எல்லோருக்கும் ஒரே காரணம் இருப்பதில்லை. சிலருக்குப் பாதத்தின் முன்பகுதி மேலெழாமல் தொங்கி, தரையில் உரசித் தடுக்கும். சிலருக்குக் கால் தசைகள் விறைத்து, முழங்கால் மடங்காது. சிறுமூளை பாதிக்கப்பட்டவர் கால்களை அகல வைத்துத் தள்ளாடுவார். உள்ளங்காலில் உணர்வு குறைந்தவருக்குத் தரை எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. பகலில் கண்ணால் பார்த்துச் சமாளிப்பவர் விளக்கை அணைத்ததும் விழுந்துவிடுவார். இவற்றுக்கெல்லாம் மேலாக வருவது சோர்வு. தூங்கி எழுந்தாலும் தீராத இந்தச் சோர்வு வெளியில் தெரியாது. சோம்பல் என்ற பழிக்கு இதுவே பெரும்பாலும் காரணமாகிறது.

காரணத்துக்கு ஏற்பவே கருவியும் அமையும். தொங்கும் பாதத்துக்குக் கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை உதவும். தள்ளாட்டத்துக்கு அது போதாது, வாக்கர் தேவைப்படலாம். ஒருவருக்குப் பயன்பட்டதை மற்றவருக்கு வாங்கிக் கொடுப்பது வீண்செலவாகவே முடியும். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நடையைப் பார்த்த பிறகு வாங்குவதே முறை.

நரம்பியல் மருத்துவர்கள் பாதிப்பின் அளவைக் குறிக்க, ஜான் கர்ட்ஸ்கி 1983இல் வெளியிட்ட அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். அதன் நடுப்பகுதி பெரும்பாலும் நடையைக் கொண்டே கணிக்கப்படுகிறது. துணையின்றி 500 மீட்டர் நடப்பவருக்கு 4. ஒரு பக்கம் ஊன்றுகோலுடன் 100 மீட்டர் நடப்பவருக்கு 6. துணையிருந்தும் 5 மீட்டருக்கு மேல் நடக்க முடியாதவருக்கு 7. வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய கணக்கும் உண்டு. வாசலில் 25 அடி அளந்து, அதைக் கடக்க எத்தனை நொடி ஆகிறது என்று மாதம் ஒருமுறை எழுதிவைக்கலாம். ஐந்தில் ஒரு பங்குக்குமேல் நேரம் கூடினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வழக்கமான ஊன்றுகோலுடனும் ஒரே வேளையிலும் அளந்தால்தான் கணக்கு பொருந்தும்.

கை கொடுக்கும் முறை

அன்பு மிகுதியால் செய்யப்படும் தவறு ஒன்று உண்டு: தடுமாறுபவரின் கையைப் பிடித்து இழுப்பது. இழுத்தால் அவருடைய சமநிலை முன்னால் சாய்ந்துவிடும். துணை வருபவர் தன் முழங்கையை மடக்கிக் கொடுத்து, அவரே பிடித்துக்கொள்ளும்படி விட வேண்டும். பிடியை இறுக்குவதும் தளர்த்துவதும் அவர் விருப்பம். "பிடிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் தொடுவது மரியாதை மட்டுமன்று, பாதுகாப்பும்கூட. எதிர்பாராமல் தொட்டால் விறைத்த கால் துள்ளலாம்.

ஊன்றுகோல் பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். பலரும் மாற்றியே பிடிக்கிறார்கள். படி ஏறும்போது வலுவான கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். துணை நிற்பவர் ஏறும்போது ஒரு படி பின்னாலும், இறங்கும்போது ஒரு படி முன்னாலும் இருக்க வேண்டும். நடக்கும்போது பேச்சுக் கொடுக்காமல் இருப்பதும் ஓர் உதவியே; நடையில் முழுக் கவனமும் வைத்திருப்பவரிடம் கேள்வி கேட்டால் அவர் நின்றுவிடுவார் அல்லது தடுக்கி விழுவார்.

விழுந்துவிட்டால் அக்குளில் கைகொடுத்து உடனே தூக்கக் கூடாது. முதலில் வலி எங்கே, தலையில் அடிபட்டதா என்று கேட்டறிய வேண்டும். அடி இல்லையென்றால் உறுதியான நாற்காலி ஒன்றை அருகில் போட்டு, அவர் மண்டியிட்டு, அதைப் பிடித்து, வலுவான காலை ஊன்றித் தானே எழும்படி வழிவிடலாம். தூக்கித் தூக்கி முதுகுவலியால் படுத்த துணைவர்கள் ஏராளம். அப்போது வீட்டில் இரண்டு நோயாளிகள்.

வெயிலும் வெந்நீரும்

உடல் வெப்பம் சற்றே கூடினாலும், உறை சிதைந்த நரம்பில் செய்தி மேலும் மெதுவாகும். இதை ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் உட்ஹாஃப் 1890இல் கவனித்து எழுதினார். ஒரு காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து, அறிகுறி கூடுகிறதா என்று பார்த்தே நோயைக் கணித்தார்கள். எனவே சித்திரை, வைகாசி வெயிலில் கால் துவள்வது நோய் முற்றியதன் அடையாளம் ஆகாது. உடல் குளிர்ந்தால் பழைய நிலை திரும்பும். கடைவேலை, மருத்துவமனை, பிசியோதெரபி ஆகியவற்றைக் காலை நேரத்தில் வைத்துக்கொள்வதும், கழுத்தில் ஈரத்துண்டு போடுவதும் செலவில்லாத வழிகள். எண்ணெய்க் குளியல் வேண்டாம் என்பதில்லை. கொதிக்கும் வெந்நீர் வேண்டாம். குளித்து முடித்ததும் வழுக்கும் தரையில் துவண்ட காலோடு எழுவதுதான் ஆபத்தான நேரம். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், சுவரில் பதித்த கைப்பிடிக் கம்பியும் இருந்தால் இந்த ஆபத்து பெருமளவு குறையும். துண்டு போடும் கம்பி ஆளின் எடையைத் தாங்காது. குத்துக்கால் கழிப்பறைக்குப் பதில் உயரமான கழிப்பறையோ, கமோடு நாற்காலியோ வேண்டும். சிறுநீரை அடக்க முடியாமல் இரவில் ஓடுவதே பல விழுதல்களுக்குக் காரணம். கட்டிலருகே ஒரு விளக்கும் கழிகலமும் இருப்பது நல்லது.

பழனி மலைக்குப் போவது

தைப்பூசத்துக்கு ஊரே பழனிக்கு நடக்கும் பகுதியில், நடக்க முடியாமல் போவது உடல் இழப்போடு நின்றுவிடுவதில்லை. பழனி மலைக்குச் சுமார் 690 படிகள். ஆனால் 1966இல் தொடங்கிய விஞ்சும் 2004இல் வந்த ரோப் காரும் இருக்கின்றன. பராமரிப்பு நாட்களிலும் பலத்த காற்றிலும் ரோப் கார் நிற்கும் என்பதால் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். கூட்டமில்லாத வேலை நாள், அதிகாலை, கையில் சக்கர நாற்காலி என்று திட்டமிட்டால் போய்வரலாம். உள்ளங்காலில் உணர்வு குறைந்தவர் நண்பகலில் வெறுங்காலுடன் கல்தரையில் நடந்தால், கொப்புளம் வந்த பிறகே தெரியும். சக்கர நாற்காலியில் உட்கார்வதைத் தோல்வியாகக் கருதிப் பலர் மறுக்கிறார்கள். வீட்டுக்குள் நடப்பவர் வெளியே நாற்காலி பயன்படுத்துவதில் முரண் ஏதுமில்லை. மிச்சப்பட்ட தெம்பில் அவர் சன்னதியில் சிறிது நேரம் நிற்கலாம்.

மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டிய நேரம்

புதிய பலவீனமோ பார்வை மங்கலோ 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது நோயின் புதுத் தாக்குதலாக இருக்கலாம். அப்போது மெத்தில்பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாட்கள் சிரை வழியே செலுத்துவது வழக்கம். ஆனால் காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலும் நடை திடீரென மோசமாகும். அப்போது தொற்றுக்குத்தான் முதலில் மருத்துவம் பார்க்க வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனை இல்லாமல் ஸ்டீராய்டு கேட்டு வற்புறுத்தக் கூடாது.

விறைப்புக்குக் கொடுக்கும் பேக்லோஃபென் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். அளவு கூடினாலோ கால் துவளும். சிலர் அந்த விறைப்பின் பலத்தில்தான் நிற்கிறார்கள். ஃபாம்பிரிடின் மாத்திரை சிலருக்கு மட்டும் நடை வேகத்தைக் கூட்டுகிறது. சிறுநீரகக் கோளாறோ வலிப்போ உள்ளவர்களுக்கு ஆகாது. இவை நோயைத் தடுப்பவை அல்ல. தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் வேறு; கால் நன்றாக இருக்கும் நாட்களிலும் அவற்றை நிறுத்தக் கூடாது.

சான்றும் உதவியும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் இந்நோயும் ஒன்று. 1995இன் பழைய சட்டத்தில் இது இல்லை. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்களுக்குச் சட்டத்தின் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது, நன்றாக நடந்த நாளை மட்டும் மருத்துவக் குழுவிடம் சொல்லாமல், நடக்க முடியாத நாட்களையும் சொல்ல வேண்டும். 25 அடிக் கணக்கு எழுதிய குறிப்பேடு அங்கே பயன்படும். திண்டுக்கல்லில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கும் சக்கர நாற்காலிக்கும் விண்ணப்பிக்கலாம். அரசு நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணமில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். நோயாளிகளுக்கான இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் 1985 முதல் இயங்குகிறது. அதற்குச் சென்னையிலும் கிளை உண்டு.