பலகை அறுக்கச் செயின்சா: மாற்ற வேண்டியதும் மாற்றக் கூடாததும்

விருதுநகர் மாவட்டத்து வணிகர்களுக்கு மரம் புதிய சரக்கு அல்ல. 1923ஆம் ஆண்டு சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலுக்குக் குச்சி மரம் கேரளத்திலிருந்து வந்து இறங்கியதை நாம் அறிவோம். ஆனால் நமது கண்மாய்களிலும் தரிசுகளிலும் தானாக வளர்ந்து நிற்கும் சீமைக்கருவேலத்தை இன்றும் விறகாகவும் கரியாகவும்தான் பெரும்பாலும் விற்கிறோம்.

1877ல் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்துக் கடப்பை மாவட்டத்தில் ஊன்றிய மரம் இது. நீர்நிலைகளை அடைத்துக்கொண்டதால் இதை அகற்ற வேண்டுமென்று 2017ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2022ல் தமிழக அரசும் அந்நியத் தாவரங்களை அகற்றக் கொள்கை வகுத்தது. வெட்டிய மரம் எப்படியும் சந்தைக்கு வரும். அதில் பருத்த அடித்துண்டுகளைப் பலகையாக்கினால் விறகு விலையைவிடக் கூடுதலாகக் கிடைக்க வழியுண்டு. மரம் உறுதியானது, காயும்போது சுருக்கம் குறைவு. அமெரிக்காவில் டெக்சாஸ் பகுதியில் இதே இனத்து மரத்தில் மேசை, நாற்காலி, தரைப்பலகை செய்கிறார்கள்.

துண்டுகள் குட்டையாகவும் கோணலாகவும் இருப்பதால், அறுவை மில்லுக்கு ஏற்றிச் சென்றால் வண்டி வாடகை கட்டாது. ஆகவே வெட்டிய இடத்திலேயே செயின்சா கொண்டு பலகை அறுக்க விரும்புவோர் நமது இரும்புக் கடைகளைத் தேடி வருகிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்லி விற்பது என்பதைக் கடைக்காரர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

செயின்

நாம் சாதாரணமாக விற்கும் செயின் மரத்தைக் குறுக்கே துண்டாக்குவதற்கானது. அதன் பல் சுமார் 30 பாகை சாய்வில் தீட்டப்பட்டிருக்கும். அதே செயினை மரத்தின் நார்ப்போக்கில் நெடுக ஓட்டினால் பலகை வரிவரியாக வரும், இஞ்சின் திணறும். நெடுக அறுக்கப் பல் சுமார் 10 பாகையில் இருக்க வேண்டும். அப்படித் தீட்டிய செயின் தனியாகவே கிடைக்கிறது. இருக்கும் செயினை உருண்டை அரத்தால் படிப்படியாகத் தீட்டியும் மாற்றிக்கொள்ளலாம். எல்லாப் பல்லும் ஒரே நீளத்தில் இருப்பது முக்கியம். இல்லாவிட்டால் செயின் ஒரு பக்கமாக இழுக்கும்.

வழிகாட்டும் சட்டம்

பலகை ஒரே கனமாக வர, செயின்சாவின் பாரோடு ஓர் இரும்புச் சட்டத்தைப் பிணைக்க வேண்டும். வெளிநாட்டில் இது 'அலாஸ்கன் மில்' என்ற பெயரில் விற்கிறது. சதுரக் குழாய் வைத்து நமது பட்டறைகளிலும் செய்ய முடியும். பாரின் நுனியில் சுழலும் சிறு பல்சக்கரத்தின் மேல் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. அதற்குப் பின்னால்தான் பிடிக்க வேண்டும். உருட்டு மரத்தின் மேல் நேரான பலகையையோ ஏணியையோ பொருத்தி, அதன் மேல் சட்டத்தை நகர்த்தி முதல் அறுப்பு அறுக்க வேண்டும். அறுத்த வாயில் மர ஆப்பு வைத்துக்கொண்டே போனால் செயின் இறுகாது.

இஞ்சினும் எண்ணெயும்

குறுக்கு அறுப்பு நொடிகளில் முடியும். நெடுக்கு அறுப்பில் இஞ்சின் பல நிமிடம் முழு வேகத்தில் சுமையோடு ஓடும். சிறிய இஞ்சின் இதைத் தாங்காது. பெரிய தடிக்கு 70 சி.சி.யாவது வேண்டும். பெட்ரோலில் கலக்கும் டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைக் கைப்புத்தகத்தில் உள்ள அளவில் குறையாமல் சேர்க்க வேண்டும். 50க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. நீண்ட பார் போட்டால் அதன் நுனியில் சொட்டும்படி தனி எண்ணெய்க் குப்பி பொருத்துவது நல்லது. வண்டியிலிருந்து வடித்த கழிவு எண்ணெய் ஆகாது.

வரவும் சேதாரமும்

செயின் ஓர் அறுப்பில் சுமார் 8 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கிவிடும். மூன்று அறுப்புக்கு ஓர் அங்குலப் பலகை போய்விட்டது என்று கொள்ளலாம். மில்லின் பட்டை ரம்பத்தில் இச்சேதாரம் மிகக் குறைவு. ஆகவே மில்லுக்குப் போகக்கூடிய நல்ல தடியை மில்லுக்கே அனுப்புவதுதான் லாபம்.

கைவைக்கக் கூடாதவை

வேகம் கூடும் என்று சைலன்சரில் துளை போடுவதும், அதற்குள் இருக்கும் தீப்பொறித் தடுப்பு வலையைக் கழற்றுவதும் சில இடங்களில் நடக்கின்றன. காய்ந்த முட்காடும், அதற்கு அப்பால் பட்டாசு, தீப்பெட்டி ஷெட்டுகளும் உள்ள நமது பகுதியில் இது பெருங்கேடு. வலை இருந்தாலும் சூடான சைலன்சர் ஆபத்தானதே. அத்தகைய ஷெட்டுகளின் அருகில் இந்த இயந்திரத்தை இயக்கவே கூடாது. செயின் பிரேக்கைக் கழற்றினால் கையோ காலோ போகும். கண்ணாடி, காதடைப்பு, கையுறை, பூட்ஸ் ஆகியவற்றை இயந்திரத்தோடு சேர்த்தே விற்க வேண்டும்.

மர அறுவை மில்லுக்கு வனத்துறை உரிமம் வேண்டும். மத்திய அரசின் 2016 வழிகாட்டு நெறிகளும் உண்டு. கூலிக்குப் பலகை அறுக்க நினைப்பவரை, முதலில் வன அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். கண்மாய், புறம்போக்கு மரமானால் முறையான அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

செயின் கேட்டு வருபவரிடம் "குறுக்கே அறுக்கவா, பலகை அறுக்கவா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொடுப்பதால் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. சரியான பொருளை வாங்கிச் சென்றவர் மறுமுறையும் நம் கடைக்கே வருவார். உறுப்பினர்கள் தங்கள் கடைச் சிப்பந்திகளுக்கும் இவற்றைச் சொல்லி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.