'பார்மட்' கேட்டால் 'நோ' கொடுங்க! கேமரா படம் கம்ப்யூட்டருக்கு வரலைன்னா என்ன செய்யணும்?

சிவகிரி,

தென்காசி மாவட்டம் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி பக்கம் இப்போது கல்யாணம், சடங்கு, கோவில் கொடை எல்லாமே செல்போனில்தான் படமாகிறது. ஆனால் 15, 20 வருஷத்துக்கு முன்னால் டிஜிட்டல் கேமராவில் எடுத்த படங்கள் பல வீடுகளில் இன்னும் பீரோவுக்குள்ளேயே கிடக்கின்றன. மகள் சடங்கு, மறைந்துபோன தாத்தா, ஆச்சி முகம் எல்லாம் அதில்தான்.

பழைய கேமரா மீது இளவட்டங்களுக்கு திடீர் மோகம் வந்திருப்பதால், அவை மீண்டும் வெளியே வருகின்றன. கம்ப்யூட்டரில் சொருகினால் படம் மட்டும் வராது. பதற்றத்தில் ஏதோ ஒரு பட்டனை தட்ட, இருந்ததும் போச்சு!

வயர்தான் முதல் வில்லன்

முதலில் கேமரா பேட்டரியை முழுசாக சார்ஜ் ஏற்றுங்கள். பாதியில் அணைந்தால் படம் கெட்டுப்போகும். அடுத்து வயர். யு.எஸ்.பி. வயருக்குள் கரண்டுக்கு 2 கம்பி, படம் போக 2 கம்பி இருக்கும். சார்ஜுக்கு மட்டும் வரும் மலிவு வயரில் பின்னது இரண்டும் இருக்காது. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வேறு வயரை மாற்றிப் பாருங்கள். சி.பி.யு.வின் பின்பக்க ஓட்டையில் நேரடியாக சொருகுவது நல்லது.

அப்படியும் வரலியா? கேமரா மெனுவில் 'யு.எஸ்.பி.' என்ற இடத்தில் 'மாஸ் ஸ்டோரேஜ்', 'பி.டி.பி.' என்று இருந்தால், ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாற்றிப் பாருங்கள்.

கார்டை கழற்றலாம்

கேமராவை அணைத்துவிட்டு மெமரி கார்டை எடுத்து, கார்டு ரீடரில் போடுவது சுலப வழி. ஆனால் எல்லா ரீடரும் எல்லா கார்டையும் படிக்காது. ஒலிம்பஸ், பியூஜி கம்பெனிகள் 2002-ல் 'எக்ஸ்.டி.' கார்டு கொண்டு வந்தன. சோனியில் 'மெமரி ஸ்டிக்'. இவற்றுக்கு தனி ரீடர் வேண்டும். எஸ்.டி. கார்டிலும் 2 ஜி.பி.க்கு மேல் போனால் ரொம்ப பழைய ரீடர் கைவிரித்துவிடும். கார்டு மேல் குற்றம் இல்லை.

எஸ்.டி. கார்டின் ஓரத்தில் குட்டி 'லாக்' இருக்கும். அதை பூட்டிவிட்டு சொருகினால் படத்தை பார்க்கலாம், கை தவறி அழிக்க முடியாது. படங்கள் 'டி.சி.ஐ.எம்.' என்ற போல்டருக்குள் இருக்கும்.

அழிந்தாலும் இருக்கும்

'டிஸ்க்கை பார்மட் செய்யவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டால் உஷார்! 'நோ' கொடுத்து கார்டை வெளியே எடுங்கள். பெரும்பாலும் பட்டியல்தான் கெட்டிருக்கும், படம் உள்ளேயே இருக்கும். தெரியாமல் 'டெலீட்' செய்தாலும் இதே கதைதான். வாசலில் பெயர் பலகையை கழற்றியது போல, வீடு அப்படியே நிற்கும். ஆனால் அதே கார்டில் புதுசாக ஒரு படம் எடுத்தாலும், பழைய படத்தின் இடத்தில் அது குடியேறிவிடும். எனவே தொடவே கூடாது.

'போட்டோரெக்' என்ற இலவச சாப்ட்வேர் மூலம் மீட்க முடியும். மீட்டதை அதே கார்டில் போடாமல் கம்ப்யூட்டரில் சேமிக்க வேண்டும். கார்டே உடைந்திருந்தால் இது உதவாது.

'கட்' வேண்டாம், 'காப்பி' போதும்

படத்தை 'கட்' செய்து நகர்த்தும்போது கரண்ட் போனாலோ, வயர் ஆடினாலோ சிக்கல். 'காப்பி' எடுத்து, படங்களை திறந்து பார்த்து, பென்டிரைவில் இன்னொரு பிரதியும் வைத்த பிறகே கார்டை காலி பண்ணுங்கள்.

குற்றால சாரலில் கேமரா நனைந்துவிட்டால் ஆன் செய்து பார்க்காதீர்கள். பேட்டரியையும் கார்டையும் கழற்றி காய விடுங்கள். கேமரா போனாலும் கார்டு பிழைக்க வாய்ப்பு அதிகம்.

ஒன்றும் முடியாமல் கடைக்கு கொண்டு போனால், கார்டை கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணாச்சி, பார்மட் மட்டும் பண்ணிராதீங்க!"